கத்திப் பட்டறைக்கு பேண்ட்சா வாங்குமுன்



நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனுக்கும், ஜகாத் நிதியிலிருந்து தொழிற்கருவி கேட்டும் வரும் மனுக்களில் அண்மைக் காலமாகக் ‘கத்திப் பட்டறை’ என்ற சொல் தென்படுகிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்கள், கோவைப் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், வளைகுடாவிலிருந்து வந்து இனிப் போவதில்லை என்று முடிவெடுத்தவர்கள் எனப் பலரும் சமையல் கத்தி, கசாப்புக் கத்தி, குர்பானிக் கத்தி செய்து விற்கலாம் என்று நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். அறுக்குமுன் கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்க, ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் மழுங்கிய கத்தியோடு அல்லாடுகிற வீடுகளை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

மனுவோடு இணைத்து வருகிற விலைப்புள்ளியில்தான் சிக்கல். பெரும்பாலும் அதில் இருப்பது தரையில் நிறுத்தும் பெரிய பேண்ட்சா. பட்டறை முதலீட்டில் பாதியை அந்த ஒரு மிஷினே விழுங்கிவிடும். விற்பவர் பெரியதைத்தான் காட்டுவார். அது அவர் தொழில். வாங்குகிறவர் தன் தொழிலுக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டாமா? அதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில், பேண்ட்சா வேண்டுமா?

இரு சக்கரங்களின் மீது முனையில்லாத வளையமாக ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டைதான் பேண்ட்சாவின் பிளேடு. கை ரம்பத்தில் போகும்போது வெட்டி வரும்போது சும்மா வருகிறோமே, அந்த வீண் இதில் கிடையாது. லண்டனில் வில்லியம் நியூபெரி என்பவர் 1808-லேயே இதற்கு உரிமம் பெற்றுவிட்டார். ஆனால் பிளேடின் இரு முனைகளை அறுந்துபோகாமல் ஒட்டவைக்க அன்று வழியில்லாததால் மிஷின் முடங்கிக் கிடந்தது. 1846-ல் பிரான்சில் ஆன் போலின் கிரெபின் என்ற பெண்மணி நல்ல ஒட்டுமுறையைக் கண்டுபிடித்த பிறகே அது பயனுக்கு வந்தது. இன்றைக்கும் பிளேடின் பலவீனமான இடம் அந்த ஒட்டுதான்.

நம் கரிசல் பக்கத்துக் கொல்லர் பட்டறைகளில் அரிவாள் அடிப்பவர்களுக்கு இந்த மிஷின் தேவையே இல்லை. வெட்டரிவாளானாலும் பனையேறிகளின் பாளை அரிவாளானாலும், இரும்பை உலையில் சிவக்கக் காய்ச்சி, வெட்டுளி வைத்து ஒரே அடியில் துண்டாக்கி, சம்மட்டியால் அடித்து நீட்டி வடிவம் எடுப்பதுதான் அவர்கள் முறை. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் வாங்கித் தந்ததும் இந்தச் சம்மட்டி வேலைதான். அப்படிப்பட்ட பட்டறைக்கு உதவ நினைத்தால் பவர் ஹேமருக்கு உதவுவதே பொருத்தம். அது தோள்பட்டையைக் காப்பாற்றும்.

பேண்ட்சா வேண்டியது வேறு முறைக்கு. 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள தகட்டில் கத்தியின் வடிவத்தை வரைந்து, அதை அப்படியே வெட்டி எடுத்து, பெல்ட் கிரைண்டரில் தேய்த்து விளிம்பு எடுப்பவர்களுக்கு வெட்டுவதுதான் நேரம் தின்கிற வேலை. ஆங்கிள் கிரைண்டரில் வெட்டலாம். பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் தீப்பொறியும் கல்தூசியும் நாள் முழுக்க மூச்சில் போகும், வளைவு வராது, வெட்டு விளிம்பு சூடேறி நிறம் மாறும். 14 அங்குலக் கல் போட்ட கட்டிங் மிஷினில் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 மி.மீ. இரும்பு தூசியாகப் போகிறது. பேண்ட்சாவில் அதில் பாதியளவுகூடப் போகாது. சத்தமும் குறைவு. தெருவுக்குள் பட்டறை வைப்பவருக்கு இதுவே பெரிய நன்மை, பக்கத்து வீட்டாரின் உறக்கமும் ஒரு ஹக்குதானே.

இரும்பைத் தெரிந்துகொள்ளாமல் மிஷினைத் தேர்ந்தெடுக்க முடியாது

கோவில்பட்டி வழியாகப் போகும் மதுரை–திருநெல்வேலி சாலையில், இன்று தேசிய நெடுஞ்சாலை 44 என்கிறோமே, அதில் ஓடும் லாரிகளின் உடைந்த ஸ்பிரிங் பட்டைகள்தான் நம் பக்கத்துக் கத்திகளுக்கு மூலப்பொருள். ஈ.என். 45, எஸ்.யூ.பி. 9 போன்ற வகை எஃகில் செய்தவை. கத்திக்கு நல்ல இரும்பு, விலையும் மலிவு. ஆனால் அது லாரியில் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத் தோய்ச்சல் போட்டுக் கடினமாக்கப்பட்ட இரும்பு. ராக்வெல் சி அளவுகோலில் 42-லிருந்து 48 வரை இருக்கும். அதைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்த கையோடு பேண்ட்சாவில் வைத்தால், எத்தனை விலை கொடுத்த பிளேடானாலும் சில நிமிடங்களில் பல் மழுங்கிவிடும். ‘மிஷின் சரியில்லை’ என்று சொல்லப்படும் குறைகளில் கணிசமானவை இந்த இடத்தில் பிறப்பவை.

வெட்டுமுன் இரும்பை இளக்க வேண்டும். வேலை எளிது. பட்டையை உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாத நிலை வந்த பிறகும் சற்று நேரம் சூட்டில் வைத்து, உலர்ந்த சாம்பல் நிரம்பிய டின்னுக்குள் புதைத்து, மறுநாள் காலை வரை தொடாமல் விட வேண்டும். மெல்ல ஆறிய இரும்பில் அரம் வழுக்காமல் கடிக்கும். அரம் கடித்தால் பேண்ட்சாவும் கடிக்கும். நம் வட்டாரத்தில் சீமைக் கருவேலங்கரிக்கும் சாம்பலுக்கும் பஞ்சமில்லை. வெட்டி, வடிவம் எடுத்து, துளையும் போட்ட பிறகு மறுபடி தோய்ச்சல் போட்டுக்கொள்ளலாம்.

பட்டையைப் பொறுக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. நடு போல்ட் துளையைச் சுற்றியும் முனைச் சுருட்டலை ஒட்டியும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கக் கூடும். அந்தப் பகுதிகளை ஒதுக்கிவிட்டு நடுப்பாகத்தில் கத்தி எடுப்பதே நல்லது. கசாப்புக் கடையில் எலும்பின் மீது இறங்கும் கத்தி பாதியில் முறிந்தால் போவது விரல். ஓரளவு தொழில் நிலைத்தபின் இளக்கிய நிலையிலேயே விற்கப்படும் புதிய எஃகுக்கு மாறிவிடலாம். ஓ.எச்.என்.எஸ்., ஈ.என். 31 போன்றவை அப்படிக் கிடைக்கின்றன. வாங்கும்போதே ‘அனீல் செய்ததா’ என்று கேட்க வேண்டும்.

எந்த வகை?

மூன்று வகை உண்டு. கிடைமட்டமாக இறங்கி வெட்டும் ஹரிசாண்டல் பேண்ட்சா, கம்பியையும் தடித்த பட்டையையும் குறுக்கே துண்டுபோட. இரும்பை வைஸில் இறுக்கிவிட்டால் தானாக இறங்கி வெட்டி நிற்கும், வளைவு வெட்டாது. செங்குத்தாக நிற்கும் வெர்டிகல் பேண்ட்சாவில் மேஜை இருக்கும், தகட்டைக் கையால் தள்ளி வரைகோட்டைப் பின்பற்றி வெட்டலாம். கத்தி வடிவத்துக்கு ஏற்றது இதுதான். மூன்றாவது, பிளம்பர்களும் குழாய் வேலை செய்பவர்களும் கையில் தூக்கி வெட்டும் போர்ட்டபிள் பேண்ட்சா. இதை ஒரு ஸ்டாண்டில் நிமிர்த்திப் பொருத்தி, மேலே சிறு இரும்பு மேஜை வைத்துவிட்டால், இது சின்ன வெர்டிகல் மிஷினாகிவிடுகிறது. வெளிநாடுகளில் வீட்டோடு கத்தி செய்பவர்களில் பலர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிற, மாதத்துக்குச் சில பத்துக் கத்திகள் செய்கிற ஒருவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இந்த மூன்றாவதையே. ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தில் ஓடும், சுமார் ஆயிரம் வாட் மோட்டார், இருவர் தேவையில்லாமல் தூக்கி வைக்கலாம், தொழில் சரிப்படாவிட்டால் குழாய் வேலை செய்பவரிடம் விற்றும்விடலாம். பிளேடு 1140 மி.மீ. சுற்றளவு, 13 மி.மீ. அகலம் என்ற பொது அளவில் தயாராகக் கிடைக்கும். குறையும் உண்டு. பிளேடுக்கும் பின்சட்டத்துக்கும் இடையிலான ஆழம் 120 மி.மீ. அளவில்தான் இருக்கும், நீளமான துண்டைத் திருப்பும்போது சட்டத்தில் முட்டும். ஆகவே கடைக்குப் போகும்போது நீங்கள் செய்ய நினைக்கும் மிகப் பெரிய கத்தியை அட்டையில் வெட்டி எடுத்துப் போங்கள். அதை மிஷின் மேல் வைத்துத் திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

ஸ்டாண்ட் செய்து கொடுக்கும் வெல்டிங் பட்டறைக்காரர் டிரிக்கரைக் கம்பியால் கட்டிவிடச் சொல்வார். கேட்காதீர்கள். காலால் மிதிக்கும் சுவிட்ச் ஒன்றை இடையில் போடுங்கள். கால் எடுத்தால் மிஷின் நிற்க வேண்டும்.

வளைவைப் பற்றி ஒரு கணக்கு. 13 மி.மீ. அகலப் பிளேடு சுமார் 63 மி.மீ. ஆரத்துக்குக் குறைந்த வளைவில் திரும்பாது. 6 மி.மீ. பிளேடு 16 மி.மீ. ஆரம் வரை திரும்பும். கைப்பிடி வளைவு அதைவிடச் சிறியதாக இருந்தால், வரைகோடு வரை பல நேர்வெட்டுகள் போட்டுச் சில்லுகளை உடைத்தெடுத்து, மிச்சத்தை கிரைண்டரில் தேய்த்துக்கொள்வதுதான் வழி. இதற்காகப் பெரிய மிஷின் வாங்க வேண்டியதில்லை.

வேகமும் பல்லும்

வேகத்தில் ஏமாந்தவர்களே அதிகம். மரம் அறுக்கும் பேண்ட்சா நிமிடத்துக்கு 900 மீட்டர் அளவில் ஓடுகிறது. இளக்கிய கத்தி எஃகுக்கு வேண்டியதோ நிமிடத்துக்கு 30 முதல் 50 மீட்டர் மட்டுமே. மரமில்லில் மலிவாகக் கிடைத்த பழைய மிஷினில் இரும்புப் பிளேடு மாட்டினால் போதும் என்று யாராவது சொன்னால், அந்தப் பிளேடு இரும்பைத் தொட்ட உடனே கருகிவிடும் என்று பதில் சொல்லுங்கள். கணக்கும் கடினமில்லை: சக்கரத்தின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்க வேண்டும். 180 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 70 சுற்றுச் சுற்றினால் கிட்டத்தட்ட 40 மீட்டர். போர்ட்டபிள் வகையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருப்பதையே வாங்குங்கள். ஒரே வேகத்தில் ஓடுவதை வாங்காதீர்கள்.

பல்லுக்கு ஒரு விதி: வெட்டுப்படும் இரும்புக்குள் எந்த நேரமும் குறைந்தது மூன்று பல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பல் மாட்டிக்கொண்டு உடையும். அங்குலத்துக்கு 14 பல் என்றால் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 1.8 மி.மீ. இடைவெளி; 5 மி.மீ. தகட்டில் மூன்று பல்கூட நிற்காது. 18 பல் என்றால் மூன்றரை நிற்கும். ஆகவே 5 மி.மீ.க்கு 14/18 என்ற கலப்புப் பல், 8 மி.மீ. லாரிப் பட்டைக்கு 10/14, 3 மி.மீ. சமையல் கத்தித் தகட்டுக்கு 24 என்று வைத்துக்கொள்ளலாம். இது தகடு மேஜையில் படுத்திருக்க, பிளேடு நின்றபடி வெட்டும்போது. அதே பட்டையை ஹரிசாண்டல் மிஷினில் படுக்க வைத்தால் பிளேடு சந்திப்பது 65 மி.மீ. அகலத்தை. அங்கே நுண்பல் போட்டால் துகள் வெளியேற இடமின்றி அடைத்துக்கொள்ளும். 5/8 அல்லது 6/10 போட வேண்டும். ஒரே இரும்பு, இரண்டு மிஷின், இரண்டு பல். கடைக்காரரிடம் ‘கத்தி வெட்டப் பிளேடு கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டால் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

பிளேடு பைமெட்டலாக இருக்கட்டும். வளைந்து கொடுக்கும் எஃகு முதுகில், கோபால்ட் கலந்த எம் 42 என்ற அதிவேக எஃகைப் பல்லாகப் பொருத்தியது அது. சாதாரண கார்பன் பிளேடு விலை குறைவு, ஆனால் கத்தி எஃகில் அதன் ஆயுள் அற்பம். புதுப் பிளேடின் முதல் சில வெட்டுகளைப் பாதி அழுத்தத்தில் போட வேண்டும். கூர்முனை சற்றே மழுங்கிப் பக்குவப்படும், பிறகு நீண்ட நாள் உழைக்கும். துகளைப் பார்த்தே மற்றதைச் சொல்லிவிடலாம். சுருள் சுருளாக, கை வைத்தால் இளஞ்சூடாக விழுந்தால் சரி. மாவாகக் கொட்டினால் அழுத்தம் போதவில்லை. நீலம் பாரித்து விழுந்தால் வேகமோ அழுத்தமோ கூடுதல்.

கரிசல் மண்ணும் உப்புத் தண்ணீரும்

விற்பனையாளரின் வண்ணத் தாளில் இல்லாத இரண்டு செய்திகள் நம் ஊருக்கு முக்கியம். கரிசல் மண் மழையில் ஊறி உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் நேராகப் போட்ட சிமெண்ட் தரை இரண்டொரு வருஷத்தில் வெடிப்பு விடுவதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். சில நூறு கிலோ ஹரிசாண்டல் மிஷினை அதில் நிறுத்தினால் ஒரு கால் இறங்கும், மட்டம் போகும், வெட்டு கோணலாகும். பெரிய மிஷின்தான் வேண்டும் என்றால் மிஷின் நிற்கும் இடத்தில் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, சரள் கொட்டி இறுக்கிய பிறகு கான்கிரீட் போடும் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்தாக வேண்டும். மும்முனை இணைப்பின் செலவும் அதோடு சேரும். எதுவானாலும் வீட்டு இணைப்பில் ஓட்டாமல், குடிசை மற்றும் குறுந்தொழில்களுக்கான கட்டணப் பிரிவில் இணைப்புக் கேளுங்கள்.

அடுத்தது தண்ணீர். பெரிய மிஷினில் வெட்டெண்ணெயைத் தண்ணீரில் கலந்து பால்போல் ஊற்றுவார்கள். நம் போர் தண்ணீரின் கடினத்தன்மைக்கு அந்தப் பால் திரிந்துவிடும். எண்ணெய் தனியே மிதக்கும், தொட்டியில் படிவு கட்டும், மிஷின் துருப்பிடிக்கும். மழைநீரைப் பிடித்து வைத்துக் கலக்குங்கள், இல்லையென்றால் கேன் தண்ணீர். போர்ட்டபிள் மிஷினில் மெல்லிய தகடு வெட்ட இந்தத் தொல்லையே இல்லை. பிளேடில் அவ்வப்போது மெழுகுக் கட்டியைத் தொட்டால் போதும்.

பழைய மிஷின் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். 50 மி.மீ. கம்பி ஒன்றைக் கொண்டுபோய் உங்கள் முன்னால் வெட்டச் சொல்லி, வெட்டுமுகத்தில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். கோணலாக இருந்தால் வழிகாட்டி பேரிங்குகள் தேய்ந்திருக்கும், அதை மாற்றலாம். சக்கரத்தின் விளிம்பே தேய்ந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கைலி கட்டிக்கொண்டும், நீளக் கை ஜிப்பாவோடும் இந்த மிஷினிடம் நிற்காதீர்கள். பிளேடு ஓடும்போது கையுறை கூடாது. துணியைப் பல் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். பிளேடை மாற்றும்போது மட்டும் கையுறை வேண்டும், சுருட்டி வைத்த பிளேடு பாம்பு போல விரிந்து முகத்தில் அடிக்கும். கடைசி இரண்டு அங்குலத்தை மரக்கட்டையால் தள்ளுங்கள். கண்ணாடி எப்போதும்.

பணம் எங்கிருந்து?

யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழரின் வீட்டிலிருந்த விரிப்பையும் கிண்ணத்தையும் இரண்டு திர்ஹத்துக்கு விற்கச் செய்து, ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவும் மறு திர்ஹத்தில் கோடரியும் வாங்கச் சொல்லி, அதற்குக் காம்பைத் தம் கையாலேயே போட்டுக் கொடுத்து நபி (ஸல்) அவர்கள் விறகு வெட்ட அனுப்பிய செய்தி அபூதாவூதில் உள்ளது. தொழில் தெரிந்தவருக்கு அவர் தொழிலின் கருவியை வாங்கும் அளவு ஜகாத்தில் கொடுக்கலாம், கருவியின் விலை குறைவானாலும் அதிகமானாலும் சரி என்பது ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எடுத்துரைக்கும் கருத்து. ஆகவே தகுதியுள்ள ஒருவருக்கு ஜகாத்திலிருந்து போர்ட்டபிள் மிஷின் வாங்கித் தருவதில் தடையில்லை. அது அவருக்கே சொந்தமாகிவிடும்.

பெரிய ஹரிசாண்டல் மிஷினின் நிலை வேறு. ஒரு பட்டறையில் அது நாளில் பெரும்பகுதி சும்மா நிற்கும். ஐந்தாறு பட்டறைகள் சேர்ந்தால்தான் அதற்கு வேலை. பொதுவில் வைக்கும் மிஷினை ஜகாத்தில் வாங்கக் கூடாது என்று நம் ஆலிம்கள் சொல்கிறார்கள். ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் ஒருவர் கையில் உடைமையாகச் சேர வேண்டும். ஆகவே அதை சதகாவிலோ வக்ஃபாகவோதான் வைக்க முடியும். அப்படி வைத்தால் நம் பிள்ளைகள் மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாக நமக்குக் கத்தி அடித்துத் தரும் கொல்லர் தெருவின் அண்ணாச்சிமாரும் வந்து பிளேடு செலவை மட்டும் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். இதற்கென சதகா தர விரும்புவோர் நிர்வாகக் குழுவை அணுகலாம்.

அரசுத் திட்டங்களையும் சொல்லியாக வேண்டும். 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிரம்பிய கைவினைஞர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய், மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். வங்கிக் கடன் என்பதால் வட்டியும் உண்டு. அதைப் பற்றி உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் கூடக் கிடைக்கிறதே என்று தேவைக்கு மேல் பெரிய மிஷின் வாங்குவதை மட்டும் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். மானியம் போக மிச்சத்தைக் கட்ட வேண்டியது நீங்கள்.

கத்தி விற்பவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர்மையான ஆயுதங்கள் ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வரும். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. கசாப்புக் கத்தி இந்த விலக்கில்தான் நிற்கிறது. எனவே அதன் வடிவம் கசாப்புக் கத்தியாகவே இருக்க வேண்டும். ‘அலங்காரத்துக்கு’ என்று இளைஞர்கள் கேட்கும் வாள்களைச் செய்யவே கூடாது. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகள் மீது நடவடிக்கை எடுத்தபோது, கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைகள் வாங்குவோரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கவும் கண்காணிப்புக் கேமரா பொருத்தவும் அறிவுறுத்தப்பட்டன. நம் தென்மாவட்டங்களில் இதை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பதிவேடும், பழைய இரும்பு வாங்கிய பில்லும் பட்டறையில் இருக்கட்டும்.

இனிமேல் பேண்ட்சாவுக்கு மனு கொடுப்பவர்கள் விலைப்புள்ளியோடு, தாங்கள் வெட்டப்போகும் இரும்பில் ஒரு சாண் துண்டை இளக்கிக் கொண்டுவர வேண்டும். தொழிற்குழுவில் உள்ள சகோதரர்கள் அதில் அரம் போட்டுப் பார்ப்பார்கள். செய்ய நினைக்கும் கத்தியின் அட்டை வடிவமும் தேவை. கடன் தொகையில் மிஷினோடு ஆறு பிளேடு, கண்ணாடி, மிதி சுவிட்ச் ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே எழுதுங்கள். அவற்றைக் கழித்துவிட்டு வரும் மனுவைத் திருப்பி அனுப்புவோம்.